தக்காளி: பயிரும் பயனும்

காய்கறிப் பயிர்களுள் தக்காளியைப்போல் ஓராண்டுக்குள் இருவேறு முகங்களைக் காட்டும் பயிர் அரிது. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரு கிலோ தக்காளி நூறு ரூபாய்க்கு மேல் விற்றது. சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளின் மூலம் கிலோ 60 ரூபாய் வீதம் விற்பதற்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் பல மாநிலங்களின் மொத்தச் சந்தைகளில் விலை கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. ஜூலையில் தக்காளி இல்லாமல் குழம்பு வைத்தவர்கள் உண்டு. செப்டம்பரில் பறிக்காமல் செடியிலேயே விட்ட உழவர்களும் உண்டு.

இவ்விரண்டு துன்பங்களுக்கும் காரணம் ஒன்றே. நெசவாளர் நெய்த சேலை விற்காவிட்டால் அதைச் சங்கத்தின் அலமாரியில் மடித்து வைக்கலாம். அடுத்த பண்டிகைக்கும் அது சேலையே. பழுத்த தக்காளியோ நான்கைந்து நாட்களுக்கு மேல் காத்திராது. ஆகையால் இப்பயிரில் விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை வீணாக்காமல் வீடு கொண்டு சேர்ப்பது மறு பாதி. அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளை இந்த நோக்கிலிருந்து இங்கே தொகுத்துக் கூறுவோம்.

பெயரும் பூர்வீகமும்

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய ஆண்டிஸ் மலைப்பகுதி. அதைப் பயிராக்கிப் பெரிய கனியாக வளர்த்தவர்கள் மெக்சிகோ நாட்டின் பழங்குடி மக்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் ஐரோப்பிய வணிகர்களின் வழியாக அது நம் நாட்டுக்கு வந்தது. மிளகாயும் உருளைக்கிழங்கும் வந்த வழியும் இதுவே.

'தக்காளி' என்ற சொல் மட்டும் வந்ததன்று, நம்முடையது. மணத்தக்காளியும் சிறுதக்காளியும் நம் வேலியோரங்களில் தாமாக முளைப்பவை. கடல் கடந்து வந்த புதுக் கனி அவற்றின் சாயலில் இருந்தமையால் மக்கள் அதைச் 'சீமைத் தக்காளி' என்று அழைத்தனர். நாளடைவில் 'சீமை' என்னும் அடைமொழி உதிர்ந்துபோயிற்று. இச்சாயலுக்குக் காரணமும் உண்டு. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, மணத்தக்காளி யாவும் தக்காளியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவ்வுறவை உழவர் மனத்தில் கொள்ளுதல் நன்று. நோய்களைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

இன்று உலகில் தக்காளி விளைவிக்கும் நாடுகளில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு உரியது. ஆண்டொன்றுக்குச் சுமார் 2 கோடி டன் இங்கே விளைகிறது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. பாலக்கோடு, இராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம், கிணத்துக்கடவு ஆகிய ஊர்களின் சந்தைகளில் பெட்டிக் கணக்கில் ஏலம் நடைபெறுகிறது.

உணவுச் சத்துக்கள்

தக்காளியைப் பற்றி மிகையாகப் புகழ்வாரும் உண்டு. வெறும் புளிப்பு என்று ஒதுக்குவாரும் உண்டு. உண்மை இடையில் இருக்கிறது. 100 கிராம் பழுத்த தக்காளியில் சுமார் 94 கிராம் நீரே. மாவுப்பொருள் 4 கிராம் அளவிலும், புரதம் ஒரு கிராம் அளவிலும், நார்ப்பொருள் ஒரு கிராமுக்குச் சற்று மேலாகவும் உள்ளன. அது தரும் சக்தி ஏறத்தாழ 20 கலோரி மட்டுமே. எனவே பசியை ஆற்றும் உணவாகத் தக்காளியைக் கருதலாகாது. அதன் பெருமை அதிலுள்ள உயிர்ச்சத்துக்களிலும் தாதுப்பொருள்களிலும் இருக்கிறது.

முதலாவது 'சி' உயிர்ச்சத்து. இரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்து 100 கிராமில் 14 முதல் 27 மில்லிகிராம் வரை இது காணப்படும். நடுத்தர அளவுள்ள இரண்டு மூன்று பழங்களை உண்டால் ஒரு நாளைத் தேவையில் ஏறக்குறையப் பாதி கிடைத்துவிடும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது குறைவே. ஆயினும் நெல்லியை நாம் தினந்தோறும் உண்பதில்லை. தக்காளியோ நாள் தவறாமல் அடுப்பேறுகிறது.

இரண்டாவது, பழத்துக்குச் செந்நிறம் தரும் லைகோபீன் என்னும் பொருள். இது உடலின் திசுக்களைச் சில வகைச் சிதைவுகளிலிருந்து காப்பதாகக் கருதப்படுகிறது. இதய நோயையும் புற்றுநோயையும் தக்காளி தடுத்துவிடும் என்று சிலர் கூறுவது திட்டமாக நிறுவப்பட்ட செய்தி அன்று. தக்காளி நல்ல உணவு. அதை மருந்தாக எண்ணுதல் வேண்டா. இவையன்றி, பொட்டாசியம் 100 கிராமில் 240 மில்லிகிராம் அளவில் உள்ளது. 'ஏ' உயிர்ச்சத்தாக மாறும் கரோட்டினும் ஓரளவு உண்டு.

இரும்புச் சத்துக்குத் தக்காளி சிறந்தது என்று பலர் நம்புகின்றனர். தக்காளியில் இரும்புச் சத்து மிகக் குறைவு. 100 கிராமில் அரை மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் வேறொரு வழியில் அது இரத்தசோகைக்குப் பகையாகிறது. கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்பை நம் உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளை உணவில் 'சி' உயிர்ச்சத்து உடனிருந்தால் அந்த இரும்பை உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது. கீரைக்கூட்டில் இரண்டு தக்காளி சேர்ப்பதும், கேழ்வரகுக் களிக்குத் தக்காளித் துவையல் வைத்துக்கொள்வதும் இதனால் அறிவுடைய வழக்கங்களாகும். உணவு உண்டவுடன் தேநீர் அருந்துவது இதற்கு நேர்மாறான பலனைத் தரும்; அது இரும்பு உடலில் சேருவதைத் தடுக்கும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இருத்தல் நன்று.

இச்செய்தி நமக்கு ஏன் முக்கியம்? 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். களை எடுக்கும் பெண்ணும், தார் சுற்றும் பெண்ணும், தறியில் அமரும் பெண்ணும் அக்கணக்கில் அடங்குவர். களைப்பும் மூச்சு வாங்குதலும் தொழிலின் குறைகளல்ல. பல சமயங்களில் அவை இரத்தக் குறைவின் அடையாளங்கள். கடுமையான சோகைக்கு மருத்துவரும் இரும்பு மாத்திரையும் வேண்டும். அந்நிலை வராமல் காப்பதற்கு அன்றாடச் சமையல் துணை செய்யும்.

சமையலில் கவனிக்க வேண்டியவை

சமைத்தால் தக்காளியின் சத்து போய்விடும் என்பதும், சமைத்தால்தான் பயன் என்பதும் பாதி உண்மைகள். வெப்பத்தால் 'சி' உயிர்ச்சத்து குறையும். ஆனால் லைகோபீன், பழத்தை நசுக்கிச் சிறிது எண்ணெயோடு வேகவைக்கும்போதுதான் உடலில் நன்கு சேரும். எனவே ஒரு பகுதியைப் பச்சையாக வெங்காயத்தோடு பச்சடியாகவும், ஒரு பகுதியைத் தாளித்த குழம்பாகவும் தொக்காகவும் உண்பது இரண்டு பலன்களையும் தரும்.

பருப்பு வேகும்போதே தக்காளியைப் போடுவோர் பலர். தக்காளியின் புளிப்பு பருப்பை எளிதில் குழைய விடாது. விறகும் எரிவாயுவும் வீணாகும். பருப்பு வெந்தபின் தக்காளி சேர்த்து ஒரு கொதி விடுவதே முறை. இதனால் உயிர்ச்சத்தும் ஓரளவு காக்கப்படும். தக்காளி சேர்க்கும் குழம்பில் புளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

பாத்திரமும் கவனிக்கத்தக்கது. ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் தக்காளியைச் சமைப்பதோ வைத்திருப்பதோ தீங்கு. புளிப்பு அவ்வுலோகத்தை அரித்து உணவில் கலக்கச் செய்யும். மண்சட்டியும் எவர்சில்வரும் ஏற்றவை. இரும்புச் சட்டியில் தக்காளியை வதக்கினால் சிறிதளவு இரும்பு உணவில் இறங்கும். சோகையுள்ள வீட்டில் அது நன்மையே. சமைத்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் நிறமும் சுவையும் கெடா.

நெஞ்செரிச்சல் உடையோர் அளவோடு உண்ண வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டுப் பொட்டாசியத்தைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருப்போர் அவர் சொற்படி நடத்தல் வேண்டும். மற்றையோர் சிறுநீரகக் கல் வந்துவிடுமென்று அஞ்சித் தக்காளியை விலக்க வேண்டியதில்லை. கல் உண்டாகக் காரணமான ஆக்சலேட்டு தக்காளியில் குறைவே. பசலைக்கீரை போன்றவற்றில்தான் அது மிகுதி.

பட்டமும் இரகமும்

தக்காளி கடும் வெயிலையும் கடும் மழையையும் தாங்காது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமற் போனால் பூக்கள் பிஞ்சு கட்டாமல் உதிரும். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் காய் பழுத்தால் செந்நிறம் சரியாக ஏறாது மஞ்சள் படரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூ அழுகும், இலைக்கருகல் பரவும். சந்தையில் விலை ஏறும் காலங்களுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெளிப்படை. கோடையில் உதிர்ந்த பூ ஆனி, ஆடியில் விலையேற்றமாக வருகிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையை அடுத்தும் விலை நூறு ரூபாயைத் தாண்டியது. மழைக்குத் தாங்கும் மேட்டு நிலமோ, கோடைக்குப் போதிய நீரோ, நிழல்வலையோ உள்ளவர்கள் அப்பருவங்களுக்கு விளைச்சல் வருமாறு திட்டமிட்டால் நல்ல விலை பெறலாம்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, பையூர் 1 ஆகியவை நம் நாட்டுக்கேற்ற இரகங்கள். பி.கே.எம். 1 தொலைதூரம் அனுப்புவதற்கு ஏற்றது. பெங்களூரிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டு இரகம் இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் எதிர்த்து நிற்கும் தன்மையது. வீரிய ஒட்டு இரகத்தின் பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச்செடியின் குணம் வாராது. சாதாரண இரகங்களிலிருந்து விதை எடுக்கலாம். நன்கு பழுத்த பழத்தின் சதையைப் பிசைந்து ஓரிரு நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாற்றும் நடவும்

ஏக்கருக்குச் சாதாரண இரகமாயின் 150 கிராம் விதையும், வீரிய ஒட்டாயின் 40 முதல் 60 கிராம் விதையும் போதும். கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து, ஒரு நாள் கழித்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். ஒரு மீட்டர் அகல மேட்டுப்பாத்தியில் 10 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வரிசைகளில் விதைக்க வேண்டும். தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் வளர்த்தால் வேர் அறாது நடலாம். எம்முறையாயினும் நாற்றங்காலை நைலான் வலையால் மூடுவது அவசியம். இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ, நாற்றுப் பருவத்திலேயே செடியைத் தொற்றிவிடுகிறது; பிற்பாடு எந்த மருந்தும் அதைத் தீர்க்காது.

நாற்று 25 நாளில் நடவுக்குத் தயாராகும். ஏக்கருக்கு 10 டன் தொழுஉரமிட்டு நன்கு உழுது, இரண்டடிப் பார் பிடித்து, 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 செடிகள் நிற்கும். வீரிய ஒட்டு இரகங்களுக்கு இடைவெளி கூடுதலாக வேண்டும். அடியுரமாகத் தழைச்சத்து 30 கிலோ, மணிச்சத்து 40 கிலோ, சாம்பல்சத்து 20 கிலோ கிடைக்குமாறு இட்டு, நட்ட 30-ஆம் நாள் மண் அணைக்கும்போது மேலும் 30 கிலோ தழைச்சத்து இட வேண்டும். இவை சாதாரண இரகங்களுக்கான பொது அளவுகள். மண் பரிசோதனை செய்து அதற்கேற்பக் கூட்டுவதும் குறைப்பதும் செலவை மிச்சப்படுத்தும்.

நீர் பாய்ச்சுவதில் ஒழுங்கு வேண்டும். பல நாள் காயவிட்டுத் திடீரென்று நிறையப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். பழத்தின் அடிப்பாகம் கறுத்து அமுங்குவதை நோயென்று எண்ணி மருந்தடிப்போர் உண்டு. அது கிருமியால் வருவதன்று. நீர் சீராகக் கிடைக்காமையால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத குறையாகும். சொட்டுநீர்ப் பாசனமும் மண்மூடாக்கும் இதைத் தவிர்க்கும்.

கொம்பு நட்டுச் செடியைக் கட்டினால் காய் மண்ணில் படாது, அழுகல் குறையும். மெல்லிய கம்பியும் நைலான் கயிறும் தண்டை அறுக்கும். தறிக்கூடங்களில் கழிவாகும் பருத்தி நூலை நான்கைந்து இழையாக முறுக்கினால் மென்மையான கட்டுக்கயிறு ஆகும். இங்கே தறிக்கழிவு தோட்டத்துக்கு உதவுகிறது.

பூச்சியும் நோயும்

காய்ப்புழுவே பெரும் எதிரி. 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை துலுக்கச் சாமந்தி நட்டால், தாய் அந்துப்பூச்சி சாமந்தி மொட்டுகளை நாடி முட்டையிடும். தக்காளி பூக்கும்போது சாமந்தியும் பூக்க வேண்டுமாகையால், 40 நாள் வயதுள்ள சாமந்தி நாற்றை 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்றோடு சேர்த்து நட வேண்டும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள் வைப்பதும் உதவும். தென் அமெரிக்காவிலிருந்து பரவி 2014-ஆம் ஆண்டில் நம் நாட்டில் முதன்முதல் காணப்பட்ட ஊசிப்புழு, இலையையும் காயையும் துளைக்கிறது. அதற்கும் தனி இனக்கவர்ச்சிப் பொறி உண்டு. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும், வயலைச் சுற்றி நெருக்கமாக விதைத்த சோளம் அல்லது மக்காச்சோள அரணும் தடையாகும். மருந்தடிக்க நேர்ந்தால், சீட்டில் குறித்த காத்திருப்பு நாட்கள் கழியுமுன் பழம் பறித்தலாகாது.

முன் கூறிய குடும்ப உறவு இங்கே நினைவுக்கு வருகிறது. கத்தரி, மிளகாய் பயிரிட்ட நிலத்தில் உடனே தக்காளி நட்டால் வாடல் நோயும் வேர்முடிச்சுப் புழுவும் தொடரும். இடையில் சோளமோ பயறோ போட வேண்டும். புகையிலையில் உள்ள தேமல் நச்சுயிரி தக்காளியையும் தாக்கவல்லது. பீடி சுற்றிய கையோடும், புகையிலை மென்ற கையோடும் நாற்றைத் தொடலாகாது; சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தொட வேண்டும்.

நட்ட இரண்டு மாதத்துக்குப் பின் பறிப்புத் தொடங்கி, பல வாரங்களுக்கு நீடிக்கும். நன்கு பராமரித்தால் சாதாரண இரகங்கள் ஏக்கருக்கு 12 முதல் 16 டன் வரையிலும், வீரிய ஒட்டு இரகங்கள் அதன் இரு மடங்கும் அதற்கு மேலும் தரும்.

கொல்லையிலும் மாடியிலும்

நிலமில்லாத நெசவாளர் வீட்டிலும் நான்கு செடி வளர்க்க இடமுண்டு. ஓரடி ஆழமுள்ள தொட்டியோ பழைய வாளியோ போதும். அடியில் துளை இருத்தல் வேண்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்ப வேண்டும். நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் படுமிடமே ஏற்றது. அரிசி, காய்கறி கழுவிய நீரை ஊற்றலாம்; சோப்பு நீரும் சாயக்கழிவு நீரும் கூடா. பூத்த கொத்தைக் காலையில் மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். இச்செடிகள் குடும்பத்தின் முழுத் தேவையையும் தீர்த்துவிடா. ஆயினும் விலை ஏறிய வாரங்களிலும் இரசத்துக்கும் கீரைக்கும் இரண்டு பழம் கிடைக்கும்.

பறிப்பும் விலையும்

தொலைவுக்கு அனுப்புவதாயின் நிறம் திரும்பும் பருவத்திலும், உள்ளூர்ச் சந்தைக்காயின் முக்கால் பழுத்த நிலையிலும் பறிக்க வேண்டும். காலைக் குளிரில் பறித்து நிழலில் வைப்பது நன்று. வெடித்ததையும் புழு துளைத்ததையும் அப்பொழுதே பிரித்துவிட வேண்டும். ஓர் அழுகல் பழம் ஒரு பெட்டியைக் கெடுக்கும். பச்சையாக உள்ள காயைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பழுக்காது கெடும், பழுத்தபின் வைக்கலாம்.

விலைச் சரிவில் உழவர் நிலையை ஒரு கணக்கால் விளக்கலாம். 15 கிலோ கொண்ட ஒரு பெட்டிக்குப் பறிகூலி, சுமைகூலி, வண்டி வாடகை, தரகு எல்லாம் சேர்த்து 60 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். கிலோ 4 ரூபாய்க்கு விற்றால் வரவும் 60 ரூபாயே. விதை, உரம், மருந்து, உழைப்பு ஆகியவற்றுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. விலை 3 ரூபாய் ஆனால் பறிப்பதே நட்டம். இந்நிலையில் செடியிலேயே விட்டுவிடும் உழவரைக் குறை கூறுவது எங்ஙனம்?

சரிவுக்குக் காரணம் தேடினால், ஏற்றத்திலேயே அது தொடங்குவது தெரியும். விலை நூறு ரூபாயாக இருக்கும் வாரத்தில் ஒவ்வோர் உழவரும் தனித்தனியே தக்காளி நட முடிவு செய்கிறார். மூன்று மாதம் கழிந்து எல்லார் வயலும் ஒரே வாரத்தில் பழுக்கிறது. ஒவ்வொருவர் கணக்கும் தனியே பார்த்தால் சரியானதே. எல்லாம் கூடும்போது தவறாகிவிடுகிறது. தனியாள் அறிவால் தீராத இத்தகைய சிக்கலுக்கே கூட்டுறவு பிறந்தது. 2018–19-ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றுக்குமாக ஆபரேஷன் கிரீன்ஸ் என்ற பெயரில் 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதும் இச்சிக்கலைக் கருதியே.

மிச்சத்தைச் சேமிக்கும் வழிகள்

மலிந்த வாரத்தில் வாங்கி அரிதான மாதத்துக்கு வைத்துக்கொள்ள மூன்று எளிய வழிகள் உள்ளன.

வற்றல்: சதைப்பற்றுள்ள பழங்களைக் கழுவி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக அரிந்து, சிறிது உப்புத் தூவி, கட்டிலின் மேல் விரித்த சுத்தமான துணியில் பரப்ப வேண்டும். மேலே மெல்லிய மல் துணியைப் போர்த்தினால் ஈயும் தூசியும் அணுகா. மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். நல்ல வெயிலில் மூன்று முதல் ஐந்து நாட்களில், மடித்தால் ஒடியும் பக்குவம் வரும். நூற்றுக்கு 94 பங்கு நீராகையால் 100 கிலோ பழத்தில் ஆறு கிலோ அளவே வற்றல் கிடைக்கும். அந்த ஆறு கிலோவை ஒரு தகர டப்பாவில் அடக்கி மாதக்கணக்கில் வைக்கலாம். வெந்நீரில் அரை மணி ஊறவைத்தோ பொடியாக்கியோ குழம்பில் சேர்க்கலாம்.

தொக்கு: ஒரு கிலோ பழத்தை அரிந்து, எலுமிச்சையளவு புளியோடு வேகவைத்து அரைத்துக்கொள்ள வேண்டும். 150 மில்லிலிட்டர் நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, அரைத்ததை ஊற்றி, 50 கிராம் உப்பும், 40 கிராம் மிளகாய்த் தூளும், வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை கிளற வேண்டும். ஆறியபின் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, ஈரக் கரண்டி படாமல் காத்தால் பல வாரம் இருக்கும்.

சாறு: பழங்களைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டுக் குளிர்நீரில் போட்டால் தோல் கழன்று வரும். சதையை மசித்து வடிகட்டிப் பாதியாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். வெந்நீரில் கொதிக்கவைத்த அரை லிட்டர் பாட்டிலில் நிரப்பி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து மூடி, பாட்டில் மூழ்குமாறு நீரில் நாற்பது நிமிடம் கொதிக்கவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு சுவைக்கன்று. தக்காளியின் புளிப்பு சில சமயம் போதாமல், அடைத்த பாட்டிலில் நச்சுக்கிருமி வளர இடமாகும்; அதைத் தடுக்கவே இது. மூடி உப்பிய பாட்டிலை ருசி பார்க்காமலே எறிந்துவிட வேண்டும்.

வீட்டுக்குச் செய்வது வேறு. விற்பனைக்குச் செய்வது வேறு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி, விற்பதற்குப் பதிவோ உரிமமோ பெறுதல் வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நம் நாட்டில் தறியும் தோட்டமும் தொலைவில் இல்லை. சேலைக்குப் பெயர்பெற்ற நெகமமும் தக்காளிச் சந்தையுள்ள கிணத்துக்கடவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். தறி ஓடும் சின்னாளபட்டியும் காய்கறி குவியும் ஒட்டன்சத்திரமும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. ஒருபுறம் பழம் சாலையில் கொட்டப்படுவதும், மறுபுறம் அதே பழத்தைச் சில்லறைக் கடையில் பல மடங்கு விலைக்கு வாங்குவதும் முறையோ என்று சங்கக் கூட்டங்களில் கேட்க வேண்டும்.

முதலாவதாக, நடவுப் பதிவேடு ஒன்று வைக்கலாம். எவர் எத்தனை சென்ட் எந்த வாரத்தில் நடுகிறார் என்று எழுதி, மூன்று வார இடைவெளியில் பிரித்து நடச் செய்தால் விளைச்சலும் பிரிந்து வரும். இரண்டாவதாக, வலை மூடிய பொது நாற்றங்கால் அமைக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே செலவிட வேண்டியதில்லை. மூன்றாவதாக, உழவர் சங்கமும் நெசவாளர் சங்கமும் பருவத்துக்கு முன்பே கீழ்விலை, மேல்விலை இரண்டையும் பேசி முடிக்கலாம். 200 நெசவாளர் குடும்பங்கள் வாரத்துக்கு இரண்டு கிலோ எடுத்தால் 400 கிலோவுக்கு நிலையான வாங்குவோர் கிடைத்துவிடுவர். ஒரு பெரிய சந்தையின் முன் அது சிறிய அளவே. ஆனால் சரிவு வாரத்தில் உழவருக்கு அது கட்டுப்படியாகும் விற்பனை. ஏற்ற வாரத்தில் நெசவாளருக்கு அது எட்டும் விலை. நான்காவதாக, மிச்சப் பழத்தை உலர்த்த வெயில் உலர்த்தி ஒன்றைப் பொதுவாக வைத்து, மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்கலாம்.

மேல்விலை கண்ட வாரத்தில் உழவர் ஒப்பந்தத்தை விட்டு வெளிச்சந்தைக்குப் போகாமலும், கீழ்விலைக்கும் குறைவாகக் கடையில் கிடைக்கும் வாரத்தில் நெசவாளர் சங்கத்தை மறக்காமலும் இருந்தால்தான் இவ்வேற்பாடு நிலைக்கும். நாற்றங்காலையும் பெட்டியையும் பணத்தால் வாங்கலாம். இந்த ஒழுங்கை அங்கத்தினர்கள்தாம் தர வேண்டும். வரும் பட்டத்துக்கு விதை வாங்குமுன், பக்கத்து வயல்காரர் எப்போது நடுகிறார் என்று ஒவ்வொருவரும் கேட்டறியத் தொடங்கட்டும். அது செலவில்லாத வேலை, இன்றைக்கே செய்யக்கூடியது.